தேன்மொழியும் ஒரு பழைய சார்ஜரும்

பியூலா மனுஷி இல்லை, இயந்திரம் என்று முதலில் தீர்ப்புச் சொன்னது அவளுடைய சொந்த மகளின் கைபேசிதான்.

வழக்கம்போல் காலைக் காப்பியைக் குடித்துவிட்டுக் கனடாவில் இருக்கும் ஹெப்சியைக் கூப்பிட்டாள். ஹெப்சிக்கு நிறைமாதம். “கண்ணு, சாப்பிட்டியாடா?” என்று ஆரம்பித்ததுமே இணைப்பு அறுந்தது. “இது இயந்திரக் குரல். மனிதக் குரல் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்த அழைப்பு துண்டிக்கப்படுகிறது” என்று ஓர் ஆண்குரல் சொன்னது. சொன்னதும் இயந்திரம்தான். ஆனால் அதற்கு உரிமம் இருந்தது.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அறுந்தது. வீடியோவில் கூப்பிட்டாள். மகள் முகம் தெரிந்தது, கையசைத்தாள், பியூலா வாயைத் திறந்ததும் திரை கறுத்தது. பால்காரருக்குப் போட்டுப் பார்த்தாள். சர்ச் செயலாளருக்குப் போட்டுப் பார்த்தாள். பாளையங்கோட்டையில் ஒரு கைபேசியும் அவளை ஒரு முழு வாக்கியம் பேச விடவில்லை.

“என்னங்க, கீழ வாங்க,” என்று மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டாள். “என்னைய மிஷின்னு சொல்லுது.”

“யாரு?” என்று மேலிருந்து கேட்டார் கணவர் ஜெபசிங்.

“ஒரு மிஷினு.”

ஜெபசிங் இறங்கி வரக் கொஞ்ச நேரம் ஆனது. மாடி அறைதான் அவருடைய ஒலிப்பதிவு நிலையம். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலெல்லாம் கம்பளி. ஊரில் உள்ள கிறிஸ்தவப் பாடகர்கள், ஜவுளிக்கடை விளம்பரக்காரர்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். அந்த அறையில் அவருக்கு ஒரே ஒரு எதிரி: லேப்டாப் சார்ஜர். பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்பதால் சார்ஜரைச் செருகித்தான் ஆக வேண்டும். செருகினால் பதிவுக்கு அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை விரட்ட அவர் முருங்கை மரத்தடியில் தனியாக எர்த் கம்பி இறக்கினார். ஃப்ரிட்ஜைக் கார் நிற்கிற இடத்துக்கு மாற்றினார். மீதி இருந்த உறுமலைத் துடைத்தெடுக்கத் தானே ஒரு மென்பொருளும் எழுதினார். ஜெபசிங் வீட்டுப் பதிவில் குரல் மட்டும்தான் இருக்கும், ஒரு தூசி இருக்காது என்று மதுரை வரைக்கும் பேச்சு.

வினையே அங்கேதான் இருந்தது.

அந்த வருடம் தமிழ்நாட்டில் தேன்மொழியைத் தெரியாதவர் கிடையாது. வங்கியிலிருந்து கூப்பிட்டுத் தவணையை நினைவுபடுத்துபவள் அவள். லிஃப்டில் மாடி எண்ணைச் சொல்பவள் அவள். இருமல் மருந்துக்கும் கட்டுக்கம்பிக்கும் அவள்தான் விளம்பரம். தேர்தல் வந்தால் மூன்று கட்சிகளுக்கும் அவளே வாக்குக் கேட்பாள். தேன்மொழி ஓர் இயந்திரம். ஆனால் குரல் பியூலாவுடையது. பத்து வருடத்துக்கு முன் ஒரு சென்னைக் கம்பெனிக்காக பியூலா இந்த மாடி அறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களை இனிமையாக வாசித்துக் கொடுத்திருந்தாள். எத்தனையோ பேர் வாசித்ததில் அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பதிவின் சுத்தம்.

“அதான் விஷயம்,” என்றார் ஜெபசிங், அன்று அமலுக்கு வந்த சட்டத்தைப் படித்துவிட்டு. “உரிமம் இல்லாம தேன்மொழி குரல எங்க கேட்டாலும் வெட்டச் சொல்லியிருக்கு. உன் குரலும் அதுவும் ஒண்ணுதான?”

“அவ என் குரல்ல பேசுதா. நான் அவ குரல்ல பேசல.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.”

அன்றிலிருந்து மகளோடு பேசுவது ஜெபசிங்கின் வேலையானது. அறையில் பியூலாவின் குரல் லேசாகக் கேட்டாலும் இணைப்பு அறுந்துவிடும் என்பதால், அவள் எதிரே நின்று கையால் பேசுவாள். அவர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“யப்பா, முதுகுல வலிக்கு. அது அந்த வலிதானான்னு அம்மாட்ட கேளுங்க.”

பியூலா இடுப்பில் கை வைத்து, வளைந்து, காற்றில் வட்டம் போட்டு, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

“அம்மா ஏதோ பரோட்டாவுக்கு மாவு பிசையுத மாதிரி காட்டுதா.”

“எண்ணெய் தேய்க்கச் சொல்லுதாங்களா?”

பியூலா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இப்ப தலைக்குத் தேய்க்கச் சொல்லுதா,” என்றார் ஜெபசிங்.

மறுமுனையில் ஹெப்சி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. “யப்பா, இங்க எனக்குக் கூட யாரும் இல்ல. அவருக்கும் லீவு இல்ல. அந்த நேரத்துல அம்மா குரலாவது காதுல இருக்கணும். எப்படியாவது பண்ணுங்க.”

பியூலா கையை இறக்கிவிட்டாள். அதற்குச் சைகை எதுவும் அவளிடம் இல்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் குரல் அத்தாட்சி அலுவலகம் புதிதாகத் திறந்திருந்தார்கள். அதிகாரியின் பெயர் இசக்கியப்பன். மேசை மேல் பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி. அதுதான் காது. யாருடைய குரல் மனிதக் குரல் என்று அது சொல்லும். இசக்கியப்பன் அதை ஒப்புக்கொள்வார்.

“இப்பவே பேசுதேன், கேளுங்க. நான் மனுஷிதான்,” என்றாள் பியூலா.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“அது வெட்டத்தான் செய்யும்க்கா. இன்னைக்குப் பேசுததுக்கு மதிப்பில்ல. மிஷினும் இன்னைக்குப் பேசுமே. தேன்மொழி பிறக்கதுக்கு முந்தியே இந்தக் குரல் இருந்துச்சுன்னு காட்டணும்.”

“பழைய பதிவு நிறைய இருக்கே,” என்றார் ஜெபசிங் உற்சாகமாக. “எல்லாம் சுத்தமான பதிவு.”

“சுத்தமா இருந்தா செல்லாது அண்ணாச்சி.”

ஜெபசிங் தன் காதை நம்பவில்லை.

இசக்கியப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “கரண்ட் வினாடிக்கு அம்பது தடவ முன்னும் பின்னும் ஆடுது. ஆனா சரியா அம்பதுல நிக்காது. ஊரெல்லாம் மோட்டர் போட்டா ஒரு நூல் தணியும், அணைச்சா ஒரு நூல் ஏறும். அந்த ஏத்த இறக்கம் ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது. கரண்ட் ஆபீஸ்ல பல வருஷமா அத எழுதி வச்சிருக்காவ. உங்க பதிவுல சார்ஜர் இரைச்சல் இருந்தா, அத வச்சு எந்த நாள்ல எடுத்ததுன்னு பெட்டி சொல்லிரும். இரைச்சல்தான் பதிவுக்குப் பிறந்த தேதி. இரைச்சல் இல்லன்னா அது மிஷின் பண்ணினதுன்னு கணக்கு.”

“நான் இருவது வருஷமா அந்த இரைச்சல எடுக்கத்தான் பாடுபட்டேன்.”

“நல்லாப் பாடுபட்டிருக்கிய,” என்றார் இசக்கியப்பன் மரியாதையாக.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் பியூலா கேட்டாள்: “ஒரு பாட்டுல, ஒரு மூலையில, கொஞ்சம்கூட மிச்சம் இல்லியா?”

“நான் அப்படி வேலை செய்யுத ஆளா?” என்றார் ஜெபசிங். இப்போதும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பியூலா அதைக் கவனித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் மாடி அறையை விட்டு அவர் இறங்கவில்லை. துடைத்தெடுக்க எழுதிய மென்பொருளைத் தலைகீழாகத் திருப்பி, பழைய சார்ஜரைச் செருகி, அதன் உறுமலைப் பிடித்து, பியூலா வாசித்த ஒரு பழைய வாக்கியத்துக்கு அடியில் பூசினார். இருபது வருட வாழ்க்கையில் அழுக்கு பூசியது அதுதான் முதல் தடவை.

பெட்டி அதைக் கேட்டது. இசக்கியப்பன் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஜெபசிங்கைப் பார்த்தார்.

“குரல் பழசு அண்ணாச்சி. இரைச்சல் முந்தாநாள் சுட்டது. வயலுக்கு மோட்டர் கரண்ட் விட்ட நேரம்னு சொல்லுது. இதுக்கு உங்க மேல கேஸ் போடணும். எங்க கோயில் கொடைக்கு நீங்கதான் அறிவிப்பு எடுத்துக் குடுத்திய, அதனால பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்குன்னு எழுதிக்கிடுதேன். போயிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பியூலா கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்க. அத்தன வருஷமா எடுத்த இரைச்சல எங்க கொண்டு கொட்டினிய?”

“கொட்டல. வச்சிருக்கேன்.”

“எதை?”

“இரைச்சலத்தான்.”

ஜெபசிங் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால், அறையில் யாரும் பேசாமல் இருக்கும்போது வெறும் உறுமலைக் கொஞ்சம் பதிவு செய்துகொள்வார். எதைத் துடைக்க வேண்டும் என்று மென்பொருளுக்கு அதைக் காட்டித்தான் பழக்குவார். அந்த மாதிரிகளை அழிக்க மனம் வராமல் ‘சத்துரு’ என்று பெயரிட்டுச் சேர்த்து வைத்திருந்தார், வேட்டைக்காரன் புலித்தோலைச் சுவரில் மாட்டுவதுபோல.

“ஆனா அதுல பிரயோஜனம் இல்ல. குரல் இருக்காது. உன்னைய வாய மூடிட்டு இருன்னு சொல்லிட்டுத்தான் எடுப்பேன்.”

“நான் மூடினேனா?”

ஜெபசிங் யோசித்தார். அந்த மாதிரிகளை அவர் காதால் கேட்டதே இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துத்தான் வேலை செய்வார். கோடு மேடும் பள்ளமுமாக வந்தால் ‘கெட்டது’ என்று குறித்து அதையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பியூலா பதிவுக்கு உட்கார்ந்த நாட்களில் கெட்டது மிக அதிகமாக இருந்தது. மைக் பழுது என்று நினைத்து இரண்டு மைக் மாற்றியதும் இப்போது நினைவுக்கு வந்தது.

இருவரும் மாடி ஏறினார்கள். அவர் முதல் மாதிரியை ஓடவிட்டார்.

ம்ம்ம்ம்ம் என்றது சார்ஜர். அதன் மேல் பத்து வருடத்துக்கு முந்திய பியூலா பேசினாள்: “வாய மூடு, வாய மூடுன்னா? முதல்ல அந்தச் சார்ஜர மூடச் சொல்லுங்க. எனக்கு எடுத்த கல்யாணப் பட்டுச் சேலையக்கூட இப்படித் தடவிப் பாக்கல, அந்த ஒயரப் போட்டு என்னா தடவு.”

அடுத்தது. ம்ம்ம்ம்ம். “அடுப்புல கருவாடு கெடக்கு. கருகிச்சின்னா நீரே தின்னும்.”

அடுத்தது. ம்ம்ம்ம்ம். “பிள்ள டியூஷன் முடிஞ்சு வந்து வாசல்ல நிக்கா. கதவத் தொறக்கக் கூடாதாம். பிள்ளைய விட இவருக்கு ம்ம்ம் பெருசாப் போச்சு.”

அந்தப் பதிவின் கடைசியில், தூரத்தில், ஹெப்சி கதவைத் தட்டும் சத்தமும் இருந்தது.

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டார். பியூலா அவரைப் பார்க்காமல், “அடுத்ததப் போடுங்க,” என்றாள். “நல்லாத்தான் பேசியிருக்கேன்.”

அலுவலகத்தில் மாதிரியைச் சத்தமாகத்தான் போட வேண்டும் என்பது விதி. அன்று பார்த்து வரிசையில் நல்ல கூட்டம். கருவாட்டுப் பதிவு ஓடியதும் பின்னால் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். ஒரு பெண் மட்டும், “அதுக்குப் பொறவு என்னாச்சுக்கா, கருகிச்சா?” என்று அக்கறையாகக் கேட்டாள். ஜெபசிங் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

“மனுஷிதான்,” என்றார் இசக்கியப்பன். “பெட்டி சொல்லுததுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க வீட்டுல எடுத்த மாதிரியே இருக்கு.” பிறகு பெட்டியின் திரையைப் பார்த்தவர் கொஞ்சம் நெளிந்தார். “ஒரே ஒரு சிக்கல்க்கா. பெட்டி தொனிய வச்சுப் பிரிக்குது. ஏசுத தொனி உங்களோடது, அத்தாட்சி ஆயிப்போச்சு. இனிமையாப் பேசுத தொனிக்கு இரைச்சலோட பதிவு ஒண்ணுகூட இல்ல. அது தேன்மொழியோடதாத்தான் நிக்குது.”

“அப்ப நான் என் பிள்ளைகிட்ட பாசமாப் பேசக் கூடாதா?”

“பேசலாம்க்கா. கேக்காது.”

“அது எப்படிங்க? அன்பாப் பேசினது நான். வாசிச்சது நான்.”

“வாசிச்சத அண்ணாச்சி துடைச்சுட்டாவளே. துடைக்காம விட்டது ஏச்சு மட்டும்தான்.” இசக்கியப்பன் குரலைத் தாழ்த்தினார். “இன்னும் ஒண்ணு. பாதி ஏச்சு, பாதி பாசம்னு கலந்து பேசினாலும் வெட்டிரும். உள்ளபடியே கோவமா இருக்கணும்.”

பியூலா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது நாள் கணக்கில் தாங்காது என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. ஆட்டோவிலேயே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அழைப்பு வந்தது. ஹெப்சி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கே இன்னும் இரவு.

“யம்மா,” என்றாள். மூச்சு வாங்கியது. “பேசும்மா.”

பியூலா பேசுவதற்கு ஏதேதோ தயாரித்து வைத்திருந்தாள். மகளின் குரலைக் கேட்டதும் எல்லாம் போயிற்று. “கண்ணே, என் தங்கமே...” என்றாள்.

இணைப்பு அறுந்தது.

ஜெபசிங் மறுபடி போட்டார். “கோவப்படு, பியூலா.”

“பிள்ள அங்க துடிக்கா, எப்படிங்க கோவம் வரும்?” என்று அவள் விம்மினாள். ஹெப்சி எடுத்தாள். “எம் பிள்ள...” என்று பியூலா தொடங்கியதோடு அறுந்தது.

ஜெபசிங் மாடிக்கு ஓடினார். அந்த வயதில் அவர் படி ஏறி ஓடியதை முருங்கை மரத்தைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கையில் பழைய சார்ஜரோடு இறங்கி வந்தார். சமையலறை பிளக்கில் செருகினார். ஒலிபெருக்கியோடு இணைத்து, பியூலாவின் காதுப் பக்கமாக வைத்தார்.

ம்ம்ம்ம்ம்.

பியூலாவின் அழுகை நின்றது. முகம் மாறியது.

“இப்ப எதுக்கு இந்தச் சவத்தக் கொண்டாந்திய?” என்றாள்.

ஜெபசிங் கைபேசியில் மகளைப் பிடித்து அவள் வாயருகே நீட்டினார்.

“பிள்ளைக்கு வலி எடுத்துக்கிட்டு இருக்கு, இங்க வந்து இரைய விடுதாவ. வாழ்நாள் முழுக்க இந்த உறுமலக் கேட்டுக் கேட்டு என் காது போச்சு. ஏட்டி ஹெப்சி, கேக்கா? உங்க அப்பாவப் பாரு. அவரு மாதிரி அரைகுறையா மூச்சு விடாத. இழுத்து விடுட்டீ. பல்லக் கடிக்காத, எத்தன தடவ சொல்லுதது? சின்னப் பிள்ளையில சோறு ஊட்டுனாலும் பல்லக் கடிப்ப, இப்பவும் அதே புத்தி.”

இணைப்பு அறுபடவில்லை.

“ஏசும்மா,” என்றாள் ஹெப்சி. அழுதாள், சிரித்தாள். “நிப்பாட்டாத. ஏசிக்கிட்டே இரு.”

பியூலா ஏசினாள். ஐந்தாம் வகுப்பில் தொலைத்த குடையிலிருந்து ஆரம்பித்து, சொல்லாமல் முடி வெட்டிக்கொண்டது, கனடாவுக்கு வரன் பார்த்தபோது உடனே தலையாட்டியது, அவ்வளவு தூரம் போனது, போய் வாரக்கணக்கில் போன் பண்ணாமல் இருந்தது எல்லாவற்றுக்கும் ஏசினாள். குரல் தளரும் நேரமெல்லாம் ஜெபசிங் சார்ஜரைக் கொஞ்சம் அசைத்துக் கொடுத்தார். உறுமல் கூடும். ஏச்சும் கூடும். நடுவில் கனடா நர்ஸ் ஒருத்தி, அந்தப் பக்கம் யாருக்கு உன் மேல் இவ்வளவு கோபம் என்று கவலையோடு விசாரித்தாள். “கோவமில்ல, எங்க அம்மா,” என்று ஹெப்சி தமிழிலேயே சொன்னாள்.

கடைசியில் ஒரு புதிய குரல் கேட்டது. சின்னக் குரல், நல்ல சத்தம். கைபேசி அதை வெட்டவில்லை.

“பொண்ணும்மா,” என்றாள் ஹெப்சி.

பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். இனி ஒரு வார்த்தை பேசினாலும் அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஜெபசிங்தான் கைபேசியை வாங்கி, “அம்மா சந்தோஷத்துல கைய ஆட்டுதா,” என்று சொன்னார். இந்த முறை சரியாகவே சொன்னார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஜெபசிங்குக்கு ஓர் அழைப்பு வந்தது. உரிமம் உள்ள அழைப்பு என்பதால் தடையில்லாமல் வந்தது.

“வணக்கம் ஜெபசிங் சார். நல்லா இருக்கீங்களா? நான் தேன்மொழி பேசறேன்.”

ஜெபசிங் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்களிடம் பழைய இரைச்சல் மாதிரிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டோம் சார். அம்மாவின் கண்டிப்பான குரலுக்கு இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் நல்ல வரவேற்பு இருக்கிறது. அந்த மாதிரிகளை எங்கள் நிறுவனம் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள விரும்புகிறது. அவசரமில்லை சார், மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

அந்தக் குரல் தன்னிடம் அவசரமில்லை என்று சொல்லிக் கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதில்லை. “கடைசியில என்ன சொன்னிய? இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றார். தேன்மொழி இன்னும் இனிமையாக, இன்னொரு தடவை சொன்னாள்.

அந்த மாதிரிகளும் போய்விட்டால் ஏச்சுக்கும் தேன்மொழியே சொந்தக்காரி ஆகிவிடுவாள். பிறகு கனடாவுக்கு மறுபடி பரோட்டா மாவுதான்.

“அதெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன்மா,” என்றார். “நம்மகிட்ட எப்பவும் சுத்தம்தான். ஊருல கேட்டுப் பாருங்க.”

“மிக்க நன்றி சார். உங்கள் நாள் இனிதாக அமையட்டும்.”

சமையலறையிலிருந்து பியூலா கேட்டாள்: “யாருங்க போன்ல?”

“நீதான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“அவசரமில்ல சார், மெதுவா யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொன்ன.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது.

“அது நானில்ல,” என்றாள் பியூலா. “மசமசன்னு உக்காந்திருக்காம மேல போயி அந்தச் சார்ஜர எடுத்துட்டு வாங்க. பேத்திக்குத் தாலாட்டுப் பாட நேரமாச்சு.”